கோலம் சால்வைக்கு, சேலைக்கரை சொக்ஸுக்கு, பாய் போர்வைக்கு

கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். கார்த்திகையில் ரொறன்ரோ போகிறாராம். அங்கே அக்காவுக்குப் பிள்ளை கிடைக்க இருக்கிறது. அக்காவின் மாமிக்கு ஒரு சால்வை, அத்தானுக்கு ஒரு சோடி சொக்ஸ், பிள்ளைக்கு ஒரு போர்வை, மூன்றையும் தன் கையாலேயே பின்னிக்கொண்டு போக ஆசை. நேர்ப் பின்னலும் (knit) எதிர்ப் பின்னலும் (purl) தெரியும். இதுவரை பின்னியது தொப்பிகள் மட்டும். ஸ்கொட்லாந்து, நோர்வேப் பக்கத்துப் பழைய பின்னல்கள் பிடிக்கும், ஆனால் எங்கள் வடிவங்களும் அதில் தெரிய வேண்டும். எதை எதில் போடுவது, என்ன நூல் வாங்குவது என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, நல்ல ஆசை. இப்போதே தொடங்கினால் மூன்றும் முடியும். முதலில் வடிவங்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தடுமாறுவது அங்கேதான்.

எங்கள் வடிவம் என்றதும் மயிலையோ மாங்காயையோ யாழையோ கட்டக் கொப்பியில் வரைந்து, அதை அப்படியே கம்பளியில் எடுக்கப் பார்ப்பார்கள். பின்னலில் அது வடிவாக வராது. வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும், பின்பக்கம் நூல் நீளநீளமாகத் தொங்கும், துணியும் தடித்து விறைக்கும். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுப் பெண்கள் படம் வரையவில்லை. ஊசியும் நூலும் இலகுவாகச் செய்யக்கூடியது எதுவோ அதிலிருந்துதான் அவர்களுடைய அலைகளும் நட்சத்திரங்களும் வந்தன. நாமும் அப்படித்தான் தேட வேண்டும். எங்கள் வீட்டிலும் முற்றத்திலும் இருக்கும் எந்த வடிவம், செய்யப்படும் முறையிலேயே பின்னலுக்குக் கிட்டவாக இருக்கிறது? எனக்குத் தெரிந்து மூன்று உண்டு. கோலத்தின் புள்ளி, சேலையின் கோபுரக் கரை, பனையோலைப் பாயின் முடைச்சல். உங்களுக்கும் மூன்று சாமான்தானே பின்ன வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று சரியாகப் பொருந்துகிறது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். ஓம், வேல், சூலம் போன்றவற்றைச் சொக்ஸில் போடாதீர்கள். சுவாமி அறையில் போடுகிற எட்டிதழ்த் தாமரைக் கோலமும் வேண்டாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் ஆசையில் கேட்பார்கள், ஆனால் மாமி மனம் நொந்துபோவார். சேலைக் கரை அப்படியில்லை. அது எப்போதும் காலடியில் புரள்கிறதுதான்.

இனிச் சால்வை. ஷெட்லாந்துச் சால்வைகளில் மிக மெல்லியவை கல்யாண மோதிரத்துக்குள்ளால் இழுத்தெடுக்கக் கூடியவை. உன்ஸ்ற் என்ற தீவு அதற்குப் பேர்போனது. அதைப் பின்ன வருடக்கணக்கான கைப்பழக்கம் வேண்டும். ஆனால் அதே மக்கள் தினமும் தோளில் போட்டுக்கொண்ட சாதாரணச் சால்வையும் உண்டு. நடுவில் வெறும் நேர்ப் பின்னல், சுற்றிவர அலை அலையாக ஒரு கரை. அந்த அலையை நீங்கள் ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். 18 கண்ணிக்கு, அதாவது ஊசியில் நிற்கும் 18 நூல் வளையத்துக்கு, ஒருமுறை திரும்பி வரும் வடிவம் அது. நான்கு வரிசைதான். முதலாவது முழுக்க நேர், இரண்டாவது முழுக்க எதிர், நான்காவது மறுபடி முழுக்க நேர். வேலை முழுவதும் மூன்றாவதில் இருக்கிறது. இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து மூன்று தரம் பின்னுங்கள். பிறகு ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி ஒரு கண்ணி நேராகப் பின்னுங்கள், இதை ஆறு தரம். பிறகு மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று தரம். ஆறு கண்ணி குறைந்து ஆறு கூடுவதால் எண்ணிக்கை மாறாது. குறைத்த இடம் இறுகுகிறது, கூட்டிய இடம் விரிகிறது, அதனால் துணி தானாகவே அலையாக வளையும்.

இந்த ஓட்டை இருக்கிறதே, அதுதான் எங்கள் புள்ளி. நூலை ஒருமுறை சுற்றி, அடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் ஒரு சிறு துவாரம் விழும். பொங்கலன்று முற்றத்தில் மாக்கோலம் போட முதல் புள்ளி வைக்கிறோமே, அதே கணக்கில் இந்தத் துவாரங்களை வைக்கலாம். ஐந்து புள்ளி, இடைப்புள்ளி ஒன்று வரை என்ற சின்னக் கோலத்தை எடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையில் 6 கண்ணி, அடுத்த புள்ளி வரிசைக்கு 8 வரிசை மேலே, அங்கே 3 கண்ணி தள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறி அப்படியே இறங்கினால் வைரம் போல ஒரு புள்ளிக் கூட்டம் வரும். கோடு இழுக்க வேண்டாம். சிக்குக் கோலத்தின் வளைவை ஓட்டைகளால் காட்ட முயன்றால் வலை கிழிந்த மாதிரித்தான் தெரியும். புள்ளி மட்டும் நின்றாலே எங்கள் பெண்களுக்கு அது கோலம் என்று விளங்கும்.

அளவு: 4 பிளை (மெல்லிய) நூல், 4 மில்லிமீற்றர் ஊசி, 96 கண்ணி. அதில் இரண்டு ஓரத்திலும் மூன்று மூன்று கண்ணி எப்போதும் நேர்ப் பின்னல். மிச்சம் 90, அதாவது ஐந்து அலை. இரு தலைப்பிலும் 32 வரிசை அலை, நடுவில் ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர் என்று போகும் வெறுந்துணியில் மூன்று மூன்றாகப் புள்ளிக் கூட்டங்கள். நனைத்து இழுத்துக் காயவிட்ட பின் 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணி வந்தால் அகலம் கிட்டத்தட்ட 48 சென்ரிமீற்றர். நீளம் 160 வரை போங்கள். 200 கிராம் நூல் கையில் இருக்கட்டும். இன்னொன்று, ஒவ்வொரு 16 வரிசைக்கும் ஊசியில் உள்ள கண்ணிகளுக்குள்ளால் ஒரு தையல் நூலைக் கோத்து விடுங்கள். பிழைத்தால் அந்த நூல் வரைக்கும் துணிந்து உரிக்கலாம்.

சால்வைக்குக் கம்பளி நூலே வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அக்றிலிக்கில் ஓட்டை வடிவம் பின்னினால் நனைத்து இழுத்தாலும் மறுபடி சுருங்கிவிடும். ரவுணில் தையல் சாமான் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அக்றிலிக், கொஞ்சம் பருத்தி. ஆகவே நல்லூர்த் திருவிழாவுக்கு யாராவது வெளிநாட்டில் இருந்து வருவார்கள்தானே, அவர்களிடம் சொல்லி விடுங்கள். சால்வைக்கு 100 கிராம் உருண்டை இரண்டு, சொக்ஸுக்கு இரண்டு நிறத்தில் ஒவ்வொன்று. பெட்டியில் இடமே பிடிக்காது.

சொக்ஸுக்கு வருவோம். இதில்தான் நான் கொஞ்சம் நேரம் எடுக்கப் போகிறேன், ஏனென்றால் தொப்பி பின்னிய கை சொக்ஸில் நிறையப் புதிதாகப் பழக வேண்டும்.

இன்று எங்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களில் எகிப்தில் எடுத்த சொக்ஸுகள் முக்கியமானவை. 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அவை கம்பளியில்லை, பருத்தி. அவுரி நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமான வேலைப்பாடு. சூடான நாட்டுக்காரரின் பருத்தி வேலை என்று நினைக்க எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் ரொறன்ரோக் குளிருக்குப் பருத்தி சரிவராது. அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், தளர்ந்து கணுக்காலில் விழும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழுத்தும் ஈரமாகத் தெரியாது. குதியில் தேயாமல் இருக்க 75 வீதம் கம்பளி, 25 வீதம் நைலோன் சேர்ந்த சொக்ஸ் நூல்தான் வேண்டும். அதில் 100 கிராம் ஏறத்தாழ 400 மீற்றர் ஓடும், பெரியவர் ஒருவருக்கு ஒரு சோடி வரும். ஆண்களின் பெரிய காலுக்கு இரண்டாவது நிறமும் சேருவதால் கவலையில்லை.

இரண்டு நிறத்தில் பின்னுவதற்கு ஃபெயார் ஐல் தீவின் முறையை எடுங்கள். ஷெட்லாந்துக்கும் ஓர்க்னிக்கும் நடுவில் தனியாகக் கிடக்கும் சிறு தீவு அது. அந்தத் தீவின் சுவெற்றர்களில் ஏழெட்டு நிறம் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் ஒரு வரிசையில் ஒருபோதும் இரண்டுக்கு மேல் இராது. 1920களில் வேல்ஸ் இளவரசர் அதைப் போட்டபின் உலகம் முழுக்கப் பரவியது. நோர்வேயில் செல்பு என்ற ஊரின் கையுறைகளும் இதே முறைதான். 1857இல் மாரிட் எம்ஸ்டாட் என்ற பெண் கறுப்பும் வெள்ளையுமாக எட்டிதழ்ப் பூவைப் பின்னித் தொடங்கி வைத்தது. ஒஸ்லோவில் சொந்தக்காரர் இருந்தால் அந்தப் பூவை நீங்கள் கண்டிருப்பீர்கள், எங்கள் தாமரைக் கோலத்துக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு.

எங்கள் கோபுரக் கரை இந்த முறைக்காகவே பிறந்தது போல இருக்கும். கீழே அகன்று மேலே கூராகப் போகும் முக்கோணங்கள், ஒன்றன் பக்கத்தில் ஒன்று. 8 கண்ணிக்கு ஒரு கோபுரம். அரக்குச் சிவப்பும் சந்தன நிறமும் எடுத்துக்கொண்டால் முதல் படியில் 7 சிவப்பு, 1 சந்தனம். இரண்டாம் படியில் 1 சந்தனம், 5 சிவப்பு, 2 சந்தனம். மூன்றாவதில் 2 சந்தனம், 3 சிவப்பு, 3 சந்தனம். நான்காவதில் 3 சந்தனம், 1 சிவப்பு, 4 சந்தனம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின்னல் கண்ணி சதுரமில்லை, உயரத்தைவிட அகலம் கூட. கட்டக் கொப்பியில் வடிவாக நிற்கும் கோபுரம் பின்னும்போது நசுங்கிப்போய் வீட்டுக் கூரை மாதிரி ஆகிவிடும். அதற்காக ஒவ்வொரு படியையும் இரண்டு வரிசை பின்னுங்கள். நான்கு படி எட்டு வரிசையாகும்போது கோபுரம் நிமிரும்.

நூல் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். பின்பக்கத்தில் இரண்டு நூலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். கீழே ஓடுகிற நூலின் நிறம்தான் முன்னால் எடுப்பாகத் தெரியும். கோபுரம் சிவப்பு என்றால் சிவப்பு எப்போதும் கீழே, சந்தனம் எப்போதும் மேலே. நடுவில் மாற்றினால் ஒரு சொக்ஸில் கோபுரம் பளிச்சென்றும் மற்றதில் மங்கியும் நிற்கும். ஏனென்று தெரியாமல் தலையைப் பிய்ப்பீர்கள். ஏழு சிவப்புக்குப் பின்னால் சந்தன நூல் நீளமாகப் போகிற இடத்தில், நாலாவது கண்ணியில் இரண்டு நூலையும் ஒருமுறை முறுக்கிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் போடும்போது கால்விரல் மாட்டும். அந்த நூலை இறுக்கி இழுக்கவும் கூடாது. கண்ணிகளை ஊசியில் விரித்து வைத்துவிட்டு அடுத்த நிறத்தை எடுங்கள்.

இரு நிறப் பின்னல் இழுபடாது. குதியைத் தாண்ட முடியாமல் அத்தான் திணறக்கூடாது. ஆகவே 2.5 மில்லிமீற்றர் ஊசியில் மேல் விளிம்பை 72 கண்ணியில் இரண்டு நேர், இரண்டு எதிராகத் தொடங்கி, கோபுரப் பட்டைக்கு வரும்போது 8 கண்ணி கூட்டி 80 ஆக்குங்கள். பத்துக் கோபுரம். பட்டை முடிந்ததும் மறுபடி 72. கணுக்காலுக்குக் கீழே ஒரே நிறம் போதும். சப்பாத்துக்குள் போகிற இடத்தில் வேலைப்பாடு தேய்ந்துவிடும். குதிக்கு அரைவாசி, 36 கண்ணியை எடுத்து, நேர் வரிசையில் ஒன்றைப் பின்னாமல் தூக்கி, ஒன்றைப் பின்னி 36 வரிசை போனால் தடித்த மடிப்பு வரும். நீடித்து உழைக்கும் குதி அதுதான். குதியைத் திருப்பிய (குறுகிய வரிசைகளால் கிண்ணம் போல வளைத்த) பிறகு இரு ஓரத்திலும் 18, 18 கண்ணி பொறுக்கி எடுத்து, வரிசை விட்டு வரிசை குறைத்து 72க்கு வாருங்கள். பாத நீளத்தை அக்காவிடம் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். சப்பாத்து இலக்கத்தை நம்பவேண்டாம், சென்ரிமீற்றரில் கேளுங்கள்.

ஊசி இலக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. எங்கள் வீடுகளில் அம்மம்மாவின் பெட்டியில் கிடப்பது பழைய பிரித்தானிய இலக்க ஊசிகள். அதில் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும். 8ஆம் இலக்கம் என்றால் 4 மில்லிமீற்றர். அமெரிக்க இலக்கம் இதற்கு நேர்மாறு, அதில் 8 என்றால் 5 மில்லிமீற்றர். கனடாவில் இருந்து அனுப்பும் வடிவக் குறிப்புகளில் பெரும்பாலும் அமெரிக்க இலக்கம்தான். எப்போதும் மில்லிமீற்றரைப் பாருங்கள்.

போர்வைதான் எனக்கு இந்த மூன்றிலும் மிகப் பிடித்தது. பனையோலைப் பாய் எப்படி முடைகிறார்கள் என்று கிட்ட இருந்து பார்த்திருப்பீர்கள். ஓலைகள் குறுக்கும் மறுக்குமாகச் சரிந்து ஓடும்; ஒரு பக்கம் சரிவது ஒரு நிறம், மறுபக்கம் சரிவது இன்னொரு நிறம். சாயம் போட்ட சிவப்பும் பச்சையும் ஊதாவும் அப்படித்தான் கட்டம் கட்டமாக விழுகின்றன. ஊசிப் பின்னலில் என்ரலாக் என்று ஒரு முறை உண்டு. சின்னச் சின்னச் சதுரங்களைச் சரிவாக ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டே போவது. ஒரு அடுக்கு வலப்பக்கம் சரியும், அடுத்த அடுக்கு இடப்பக்கம் சரியும். ஒற்றை அடுக்குக்கு ஒரு நிறம், இரட்டை அடுக்குக்கு மற்ற நிறம் கொடுத்தால் பாயேதான்! படம் வரைந்து ஒட்டவேண்டிய தேவையே இல்லை. துணி கட்டப்படும் விதத்திலேயே பாய் இருக்கிறது.

எல்லாச் சதுரத்தையும் இரண்டு பக்கமும் நேராகவே பின்னுங்கள். அப்படிப் பின்னினால் இரண்டு வரிசையின் உயரம் ஒரு கண்ணியின் அகலத்துக்குச் சமம், ஆகவே 8 கண்ணி 16 வரிசை சரியான சதுரமாக நிற்கும், ஓரமும் சுருளாது. கீழே இருக்கும் சதுரத்தின் ஓரத்தில் 8 கண்ணி பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு இரண்டாவது வரிசையின் முடிவிலும் உங்கள் கடைசிக் கண்ணியையும் பக்கத்துச் சதுரத்தில் காத்திருக்கும் ஒரு கண்ணியையும் சேர்த்துப் பின்னுங்கள். 16 வரிசை முடியும்போது பக்கத்தில் இருந்த எட்டும் தீர்ந்துவிடும், அடுத்த சதுரத்துக்குப் போகலாம். 8 பிளை (அதைவிடத் தடித்த) நூலும் 4 மில்லிமீற்றர் ஊசியும் என்றால் ஒரு சதுரம் 3.7 சென்ரிமீற்றர் அளவு. அது மூலைக்கு நிற்பதால் குறுக்கே 5.2. தொடக்கத்தில் 14 முக்கோணம், 112 கண்ணி. ஊசியில் பார்க்கும்போது 50 சென்ரிமீற்றர் அளவுதான் தெரியும், பயப்படவேண்டாம். முதலாவது அடுக்கு வந்ததும் 73க்கு விரியும். ஏறத்தாழ 35 அடுக்கில் 90 சென்ரிமீற்றர் நீளம் வரும். ஓரத்தை நேராக்கும் அரை முக்கோணங்களைத் தனியாக ஒரு சின்னத் துண்டில் பழகிவிட்டுத் தொடங்குங்கள், எழுதியதைப் படிப்பதைவிட அது கெதியாக விளங்கும்.

பிள்ளைச் சாமானில் ஓட்டை வடிவமும், பின்னால் தொங்கும் நூலும் ஆகவே ஆகாது. பச்சைப் பிள்ளையின் விரல் மாட்டினால் நூல் இறுகிவிடும். என்ரலாக்கில் இரண்டும் இல்லை. இதற்கு அக்றிலிக்கே நல்லது, இங்கே வாங்கலாம். அங்கே எல்லாவற்றையும் மெஷினில்தான் போடுவார்கள். சாதாரணக் கம்பளி மெஷினில் சுருங்கிக் கட்டிபட்டுப் போகும். 500 கிராம் வாங்குங்கள். ஒரே நேரத்தில், ஒரே சாய இலக்கத்தில் வாங்குங்கள். பிறகு போய் வாங்கும் சிவப்பு முதல் சிவப்பாக இராது. அக்காவிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் வருடத்தில் பிள்ளை தொட்டிலில் நித்திரை கொள்ளும்போது தளர்ந்த போர்வை எதையும் போடக்கூடாது என்றுதான் அங்கே வைத்தியர்கள் சொல்வார்கள். மடியில் வைத்திருக்கும்போதும், வண்டிலில் கொண்டுபோகும்போது பார்த்துக்கொண்டும் போர்த்தலாம்; தவழத் தொடங்கினால் நிலத்தில் விரிக்கலாம். பாய்தானே.

எதை முதலில் பின்னுவது? போர்வையை இன்றே தொடங்குங்கள், நூல் இங்கேயே இருக்கிறது. வெளிநாட்டு நூல் வந்ததும் சொக்ஸ், கடைசியாகச் சால்வை. வெயில் நேரத்தில் கம்பளியை மடியில் வைத்திருக்கவே முடியாது. விடியப்புறமும் பின்னேரமும் விறாந்தையில் இருந்து பின்னுங்கள், பக்கத்தில் ஒரு துவாய் வைத்து அடிக்கடி கையைத் துடையுங்கள். வியர்வைக் கையில் கண்ணி இறுகும்.

முடித்த பின் கழுவுவதில்தான் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு பிரச்சினை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. சவர்க்காரம் போட்டால் நுரைக்காமல் வெள்ளைப் படிவாகக் கம்பளியில் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் ஷம்பூ போடுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதிலேயே அலசுங்கள், இல்லாவிட்டால் கடைசி அலசலில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள். பிழியவேண்டாம், துவாயில் சுருட்டி அமத்துங்கள். சால்வையை நிழலில் பாயின்மேல் விரித்து, ஒவ்வொரு அலையின் முனையையும் குண்டூசியால் இழுத்துக் குத்தி ஒரு நாள் முழுக்க விடுங்கள். அப்போதுதான் புள்ளிகள் கண் திறக்கும். பிள்ளையின் போர்வைக்கு அயர்ன் பிடிக்கவே கூடாது, அக்றிலிக் சூட்டில் உயிரற்றுத் தொங்கிவிடும். பெட்டியில் வைக்குமுன் கம்பளிச் சாமான் இரண்டும் நன்றாகக் காய்ந்து, வியர்வை வாடையே இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி தேடிப் போவது அழுக்குப் பிடித்த கம்பளியைத்தான். மாமியின் சால்வையோடு ஒரு துண்டில் "கையால் கழுவவும், மெஷினில் போடவேண்டாம்" என்று தமிழில் எழுதி வையுங்கள். அத்தானின் சொக்ஸுக்கு நூல் உருண்டையில் இருந்த சீட்டையே கொடுத்துவிடலாம், அதில் கழுவும் முறை போட்டிருக்கும். மிஞ்சிய சிவப்பு நூலிலும் சந்தன நூலிலும் கொஞ்சத்தைச் சீட்டோடு சுற்றிக் கொடுங்கள். குதி தேய்ந்தால் தைக்க அதே நூல் வேண்டும்.